கோப்புப் பெயரில் ‘&’ வந்தால் ஸ்கிரிப்ட் ஏன் மாட்டிக்கொள்கிறது?

கேள்வி: லினக்ஸ் கணினியில் கல்யாண வீடியோக்களைச் சுருக்க பைத்தானில் ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறேன். ஓஎஸ்.சிஸ்டம் என்ற பைத்தான் கட்டளை வழியாக, வீடியோ மாற்றும் நிரலான எஃப்எஃப்எம்பெக்கை ஓட்டுகிறேன். ‘ரவி & கலா.எம்பி4’ போன்ற பெயர் வந்தால் பிழை காட்டுகிறது. மேற்கோள் குறி போட்டும் சில கோப்புகளில் தகராறு. என்ன வழி?

பதில்: எஃப்எஃப்எம்பெக் மேல் தப்பில்லை, நடுவில் இருந்து கட்டளை வரியைப் படித்து நிரல்களை ஓட்டும் ஷெல்தான் காரணம். ஓஎஸ்.சிஸ்டத்துக்குக் கொடுக்கும் வரியைப் பைத்தான் அப்படியே ஷெல்லிடம் தள்ளிவிடுகிறது. எங்கே வெட்டுவது, எந்தக் குறிக்கு என்ன பொருள் என்பதெல்லாம் ஷெல்லின் இஷ்டம். ‘&’ வந்ததும், ‘ரவி’ வரை ஒரு கட்டளை என்று எடுத்துக்கொண்டு அதைப் பின்னணியில் ஓடவிடுகிறது. அப்புறம் ‘கலா.எம்பி4’ என்றொரு நிரலைத் தேடப் போகிறது! இரட்டை மேற்கோள் போட்டால் இது தீரும். பெயருக்குள்ளேயே டாலர் குறியோ இன்னொரு மேற்கோளோ இருந்தால் மறுபடியும் அதே கதை. கோப்புக்குப் பெயர் வைப்பவர் வெளியாள் என்றால் ஆபத்தும் உண்டு. அரைப்புள்ளி போட்டு அழிக்கும் கட்டளை ஒன்றைப் பெயரிலேயே ஒளித்து வைக்கலாம்.

ஷெல்லை விலக்கிவிடுங்கள். சப்பிராசஸ் நூலகத்தில் ‘ரன்’ இருக்கிறது, பைத்தான் 3.5 முதல் கிடைக்கிறது. அதற்கு நீள வரிக்குப் பதில் பட்டியல் கொடுங்கள். நிரலின் பெயர் ஓர் உறுப்பு, உள்ளீட்டு சுவிட்ச் (‘அடுத்து வருவது உள்ளீட்டுக் கோப்பு’ என்று சொல்லும் ‘-i’) ஓர் உறுப்பு, கோப்புப் பெயர் ஓர் உறுப்பு. சுவிட்சையும் பெயரையும் ஒரே உறுப்பில் ஒட்டிவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. மேற்கோள் குறியும் வேண்டாம், போட்டால் அதுவும் பெயரில் சேர்ந்துவிடும். பழக்கதோஷத்தில் ‘ஷெல்=ட்ரூ’ என்று சேர்த்தால், லினக்ஸில் முதல் உறுப்பு மட்டுமே கட்டளையாகும்; எஃப்எஃப்எம்பெக் வெறுங்கையோடு ஓடி உதவிக்குறிப்பைக் காட்டிவிட்டு நின்றுவிடும்.

ஷெல் போனால் அது செய்த எடுபிடி வேலைகளும் போகும். நட்சத்திரக் குறி கோப்புகளாக விரியாது, அந்த வேலைக்குப் பைத்தானிலேயே குளோப் என்ற நூலகம் இருக்கிறது. வெளியீட்டுக் கோப்பின் பெயர் சிறுகோட்டில் தொடங்கினால் எஃப்எஃப்எம்பெக் அதைச் சுவிட்ச் என்றே நினைக்கும். முழுப் பாதையாகக் கொடுத்தால் சரி. ‘செக்=ட்ரூ’ போடுங்கள், இல்லையென்றால் ஒரு வீடியோ தோற்றாலும் ஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் அடுத்ததற்குப் போய்விடும்.

இன்னொன்று: எஃப்எஃப்எம்பெக் ஓடும்போது விசைப்பலகையையும் கவனிக்கும். கை தவறி ‘க்யூ’ விசை பட்டால் பாதியில் முடித்துக்கொள்ளும். ‘ரன்’னில் ஸ்டிடினை (நிரலுக்கு உள்ளீடு வரும் வழி) டெவ்நல் (எதுவும் வராத வெற்று வழி) ஆக்கிவிடுங்கள்.