கலங்கலை வடித்துவிட்டுப் பிடித்த மாதிரி

கேள்வி: எங்கள் பட்டறையில் உலோகப் பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவி, குரோமிய முலாம் பூசுகிறோம். கழிவெல்லாம் 200 லிட்டர் பேரலில் சேர்கிறது. அடிக்குழாயைத் திறந்து, கலங்கல் போனபின் ஒரு லிட்டர் பிடித்து லேபுக்கு அனுப்பினோம். பி.எச். (அமில-கார அளவு) 7.1 என்று வந்திருக்கிறது. அபாயக் கழிவு இல்லை என்று நிம்மதியாக இருக்கலாமா?
– வாசகர், கோவை

பதில்: கலங்கல் போகட்டும் என்று காத்திருந்தீர்களே, அங்கேதான் கோளாறு. அந்தப் பி.எச்.-இல் குரோமியத்தில் மூன்று இணைதிறன் கொண்ட வகை ஹைட்ராக்சைடாகி அடியில் படிந்திருக்கும். மண்ணெண்ணெயோ மேலே மிதக்கும், அடிக்குழாய்ப் பக்கமே வராது. இரண்டையும் விட்டுவிட்டு நடுத்தண்ணீரைப் பிடித்திருக்கிறீர்கள். நான் லேபில் இருந்த காலத்திலும் இப்படிப் பாட்டில்கள் வரும்: உள்ளே பளிங்கு மாதிரித் தண்ணீர், வெளியே ‘கழிவு’ என்று சீட்டு. (வடியவிட்ட கலங்கல் எங்கே போனது என்று நான் கேட்கவில்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி கேட்பார்.)

பேரலின் ஆழத்துக்கு நீளமான, அடியில் அடைப்பான் உள்ள கண்ணாடிக் குழாய் ஒன்று வேண்டும். அடைப்பானைத் திறந்தபடி மெல்ல இறக்குங்கள். குழாய்க்குள் இருக்கும் மட்டமும் வெளியே இருக்கும் மட்டமும் ஒன்றாகவே ஏற வேண்டும். அவசரப்பட்டு அமுக்கினால் மேலடுக்கு குறைவாகவே உள்ளே வரும். அடி தட்டியதும் அடைத்துத் தூக்கினால் எண்ணெய், தண்ணீர், சேறு மூன்றும் அடுக்கடுக்காகக் கண்ணுக்கே தெரியும். அதை முழுதாகப் பாட்டிலில் இறக்குங்கள்.

பி.எச். மட்டும் பார்த்தால் போதாது. 2 அல்லது அதற்குக் கீழே, 12.5 அல்லது அதற்கு மேலே என்றால் அரிக்கும் கழிவு. அவ்வளவுதான் அது சொல்லும். மண்ணெண்ணெய் அடுக்குக்குத் தீப்பற்றும் வெப்பநிலை பார்க்க வேண்டும். மூடிய கிண்ணத்தில் சூடேற்றிச் சுடரைக் காட்டும்போது 60 டிகிரிக்குள் ஆவி பற்றிக்கொண்டால் எரியும் கழிவு. சேற்றுக்கு, நச்சு கசிகிறதா என்று பார்க்கும் டி.சி.எல்.பி. சோதனை: எடையில் 20 மடங்கு அமிலக் கரைசலில் 18 மணி நேரம் சுழற்றி, கசிந்து வருவதை அளப்பார்கள். குரோமியத்துக்கு வரம்பு லிட்டருக்கு 5 மில்லிகிராம்.

இன்னொன்று: 2016-ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின் முதல் அட்டவணையில் முலாம் தொட்டிக் கழிவும் சேறும் பெயர் சொல்லியே இருக்கின்றன. ஆகவே பி.எச். அறிக்கையைக் காட்டி வாதாட முடியாது.

மாதிரியில் நீங்களாக அமிலம் ஊற்றாதீர்கள், டி.சி.எல்.பி. முடிவு கெட்டுவிடும். பக்கத்துப் பேரலில் சயனைடுத் தொட்டிக் கழிவு இருந்தால், அதில் அமிலம் பட்டாலே உயிரைக் குடிக்கும் ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பும். அதற்குக் குழாயும் வேறு, பாட்டிலும் வேறு.