அரசவைச் சீட்டுகளில் நின்றுபோன தூரிகை

பால்புதுமையினரை (ஆண்-பெண் என்ற வழக்கமான பாலின, காதல் வரையறைகளுக்குள் அடங்காதவர்களை) வைத்து நீங்கள் வரைந்துவரும் டாரட் என்னும் குறிபார்க்கும் படச்சீட்டுக்கட்டில், ‘காதலர்கள்’ என்ற சீட்டில் இரு பெண்களை வரைந்து முடித்தபின், ராஜா, ராணி சீட்டுகளில் கை ஓடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். டாரட்டின் 78 சீட்டுகளில் 16, ராஜா, ராணி போன்ற அரசவைச் சீட்டுகள் என்பதால் இந்தத் தடை சிறியதல்ல. பட்டங்களை மாற்றுவதைவிட, ராஜாவை முதிர்ந்த ஆளுமையாகவும் ராணியை உள்வாங்கிக் காக்கும் தன்மையாகவும் எடுத்துக்கொண்டு, கோப்பை இனத்தின் ராஜாவாக ஒரு திருநம்பியையும் வாள் இனத்தின் ராணியாகத் தாடி வைத்த ஒருவரையும் தயங்காமல் வரையுங்கள் என்பதே என் கருத்து. மரபை மீறுகிறோமோ என்ற கவலையும் வேண்டாம், மரபிலேயே படங்கள் மாறியிருக்கின்றன: 1909இல் வெளிவந்த, ஓவியர் பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த சீட்டுக்கட்டில் ‘காதலர்கள்’ தேவதையின் கீழ் நிற்கும் ஆணும் பெண்ணும், அதற்கு முந்தைய மார்செய் என்னும் பழைய டாரட் பட மரபிலோ மன்மதனுக்குக் கீழே நிற்பவர்கள் மூவர்.

பால்புதுமையினரைக் காதல் சீட்டுகளில் மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அவர்களுக்கும் முதுமையும் ஞானமும் தனிமையும் உண்டு. ‘துறவி’ சீட்டில் விளக்கேந்திய துறவியாக, நரைத்த கூந்தலைக் கொண்டையிட்ட முதிய திருநங்கை ஒருவரை வரைந்து, அவர் கழுத்துச் சுருக்கங்களில் விளக்கொளி படும்படி மஞ்சளை நீர்த்த பூச்சாக இரண்டு முறை இடுங்கள். முதல் பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது.

நீர்வண்ணத் தாள் கலைத்துப் போடத் தாங்காது. மூலப் படங்களைப் பத்திரப்படுத்தி, ஸ்கேன் செய்து அச்சிட்ட சீட்டுகளையே பயன்படுத்துங்கள்.