உப்பு ஏன் சூட்டுக்கு மசிய மாட்டேங்குது?

கேள்வி: தண்ணி சூடா இருந்தா எதைப் போட்டாலும் அதிகமா கரையும்னுதான் நான் படிச்சேன். ஆனா உப்பு பச்சைத்தண்ணியிலயும் வெந்நீர்லயும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் கரையும்னு என் பையன் சாதிக்கிறான். யார் சொல்றது சரி?

பதில்: பையன் சொல்றதுதான் சரி. சீக்கிரமா கரையிறது வேற, அதிகமா கரையிறது வேற. வெந்நீர்ல உப்பு சட்டுனு கரையும், ஆனா மொத்தமா எவ்வளவு பிடிக்கும்னு பாத்தா 100 கிராம் தண்ணியில 0 டிகிரியில சுமார் 36 கிராம், 100 டிகிரிக்கு போனாலும் 39 கிராம்தான். இதே சர்க்கரைன்னா 20 டிகிரியில 200 கிராம், கொதிநிலையில 480 கிராமுக்கும் மேல. வெடியுப்பு இருக்கே, பொட்டாசியம் நைட்ரேட், அது இன்னும் மோசம், 0 டிகிரியில 13 கிராம் கரையிறது 100 டிகிரியில 240 கிராமைத் தாண்டிடும். அந்த சூடான கரைசலை அப்படியே ஆற விட்டா தாங்க முடியாத வெடியுப்பு ஊசி ஊசியா படிகமா கீழ இறங்கும், பாக்கவே அழகா இருக்கும்.

காரணம் என்னன்னா, படிகத்தைப் பிரிக்க சக்தி செலவாகும், பிரிஞ்ச துகளை தண்ணி சூழ்ந்து பிடிக்கிறப்ப சக்தி வெளிய வரும். சாதா உப்புல வரவும் செலவும் ஏறக்குறைய சரியாப் போயிடுது, அதான் சூடு அதை பெருசா கண்டுக்கறதில்ல. வெடியுப்புல செலவு ஜாஸ்தி, கரையிறப்ப டம்ளரைத் தொட்டுப் பாத்தா ஜில்லுனு இருக்கும், அந்த பற்றாக்குறையை வெளிச்சூடு ஈடுகட்டுறதால வெந்நீர்ல அள்ளி அள்ளி கரையுது.

கேள்வி: அப்போ சூடாக்கினா கரைதிறன் குறையிற பொருளும் இருக்கா?

பதில்: இருக்கு, சுண்ணாம்பு. நீர்த்த சுண்ணாம்பு 100 கிராம் தண்ணியில 0 டிகிரியில 0.18 கிராம் மாதிரி கரையும், 100 டிகிரியில 0.07 கிராம்தான். தெளிஞ்ச சுண்ணாம்புத் தண்ணியை அடுப்புல வெச்சா கலங்கும், கீழ கொஞ்சம் படியும். கரையிறப்பவே சூட்டை வெளிய விடுற பொருள் அது, அதான் மேல மேல சூடேத்தினா கரையிறது பின்வாங்குது. (காஸ்டிக் சோடாவும் கரையிறப்ப பயங்கரமா சூடாகுமே, அது மட்டும் ஏன் சூட்டுல அதிகமா கரையுதுன்னு கேப்பீங்க. இதுக்கு மேல கரையாதுங்கற அளவுக்கு தண்ணியில ஏற்கெனவே கரைஞ்சிருக்கிறப்ப, கடைசியா கரையிற துளி சூட்டை விடுதா, இழுக்குதாங்கறதுதான் கணக்கு. காஸ்டிக் சோடா அந்தக் கட்டத்துல சூட்டை இழுக்குது.)

கேள்வி: வெயில் நாள்ல தொட்டி மீன் எல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது, ஏன்?

பதில்: மூச்சுமுட்டுது. வாயுக்கள் எல்லாம் தண்ணி சூடாக சூடாக வெளிய ஓடத்தான் பாக்கும். காத்து பட்டுட்டு இருக்கிற ஒரு லிட்டர் தண்ணியில 0 டிகிரியில 14.6 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கும், 30 டிகிரியில 7.5 மில்லிகிராம், அதாவது பாதி. போதாக்குறைக்கு சூட்டுல மீனுக்கு ஆக்சிஜன் தேவையும் கூடும். பாத்திரத்துல தண்ணி கொதிக்கிறதுக்கு ரொம்ப முன்னாடியே ஓரத்துல குட்டி குட்டி குமிழ் ஒட்டிக்கிட்டு நிக்குமே, அது ஆவி இல்ல, கரைஞ்சிருந்த காத்து வெளியேறுறதுதான். அதனால கொதிக்க வெச்சு ஆறின தண்ணியை நேரா தொட்டியில ஊத்தாதீங்க, ஏர் பம்ப் போட்டு கொஞ்ச நேரம் ஓட விட்டு அப்புறம் ஊத்துங்க.