எந்தக் கோயிலு?

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 26. சின்ன வயதிலிருந்தே வாய் திக்கும். 'க', 'ப' வந்தால் நின்றுவிடுவேன். காரைக்குடியில் பஸ் ஏறினால் 'கானாடுகாத்தான்' சொல்ல வராது. அதனால் திருமயத்துக்கு டிக்கெட் வாங்கி, கானாடுகாத்தான் விலக்கில் இறங்கிக்கொள்வேன். போன மாதம் ஒரு கல்யாணத்தில் பெரியவர் ஒருவர் "எந்தக் கோயிலு?" என்று கேட்டார். நகரத்தாரான எங்களில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு கோயில் பிரிவைச் சேர்ந்தது, ஒரே கோயிலுக்குள் பெண் எடுப்பதில்லை. நாங்கள் பிள்ளையார்பட்டி. சொல்ல வரவில்லை. "என்னப்பா, கோயில் பேரே மறந்துபோச்சா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். தினமும் வீட்டு வளவில் நின்று அரை மணி நேரம் பேப்பரைச் சத்தமாக வாசிக்கிறேன். அங்கே திக்குவதே இல்லை. வெளியே வந்தால் பழைய கதைதான். இது மனசு சம்பந்தப்பட்டதா? நானே சரிசெய்துகொள்ள முடியுமா?

(பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

திருமயம் டிக்கெட்டைப் படித்ததும் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நானும் அந்தக் கட்சிதான். ஹோட்டலில் பூரி கேட்க வராமல் பல வருஷம் இட்லியே தின்றவன். வார்த்தையை மாற்றிப் போட்டுத் தப்பிப்பதில் நாமெல்லாம் கில்லாடிகள். ஆனால் சொந்தப் பெயருக்கும் கோயிலுக்கும் மாற்று கிடையாது. சுலபமாக வருகிறதே என்று இலுப்பைக்குடி என்று சொல்லிவைத்தால், பெண் பார்க்கும்போது வில்லங்கமாகிவிடும்!

திக்கல் மனசில் தொடங்குவதில்லை. பரம்பரைக்கும், பேச்சை ஒழுங்குபடுத்தும் மூளையின் வேலைக்கும் அதில் பங்கு உண்டு. பெரியவர்களில் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு இருக்கிறது. என் நாக்கில் அப்பத்தா தேய்த்த வசம்புக்கெல்லாம் அது மசியவில்லை. அதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் பயம்தான் மனசின் வேலை. அந்தப் பெரியவர் வாயைத் திறக்குமுன்பே 'கோயில் கேட்கப்போகிறார்' என்று உங்கள் தொண்டை இறுகியிருக்கும்.

வளவில் வாசிப்பதை விட்டுவிடுங்கள். தனியாக இருக்கும்போது நம்மில் பெரும்பாலோருக்குத் திக்காது. பாடும்போதும், பலரோடு சேர்ந்து சொல்லும்போதும் அப்படித்தான். ஊருணியில் இறங்காமல் வளவிலேயே நீச்சல் பழகுகிறீர்கள்.

அமெரிக்காவில் சார்லஸ் வான் ரைப்பர் என்று ஒரு பேச்சுச் சிகிச்சை நிபுணர் இருந்தார். 1905இல் பிறந்தவர், அவருக்கும் திக்கும். திக்கவே கூடாது என்று மல்லுக்கட்டாமல் சுலபமாகத் திக்கப் பழகுவதுதான் அவருடைய வழி. அதில் ஒன்று, வேண்டுமென்றே திக்குவது. கேட்டால் பைத்தியக்காரத்தனமாக இருக்கும். கொப்புடையம்மன் கோயில் பக்கம் ஒரு பூக்கடையில்தான் முதலில் செய்து பார்த்தேன். எனக்குத் தடையில்லாமல் வரும் 'மல்லி'யை, பூக்காரம்மாவின் கண்ணைப் பார்த்தபடியே 'ம-ம-மல்லி' என்றேன். காது இரண்டும் சுட்டது. அந்தம்மா பூவிலிருந்து கையை எடுக்காமல் "ரெண்டு முழமா, மூணா?" என்றார். அவ்வளவுதான். இருபது வருஷமாக இதற்கா பயந்தேன் என்றிருந்தது.

அப்புறம், நிஜமாகவே 'பி'யில் மாட்டினால் முட்டித் தள்ளாதீர்கள். உதடு ஒட்டிக்கொள்ளும், உள்ளே காற்று அடைக்கும். அழுத்தத்தைத் தளர்த்தி, உதட்டை லேசாகத் தொடவிட்டு, அப்படியே 'இ'க்கு நகர்ந்துவிடுங்கள். அதுவும் நடக்கவில்லையா, சரி, எப்படியாவது சொல்லி முடித்துவிட்டு ஒரு நொடி நின்று அதே வார்த்தையை மெதுவாக இன்னொரு தடவை சொல்லுங்கள். "எனக்குக் கொஞ்சம் திக்கும், பொறுத்துக்கங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவதும் நல்லது. ஒளிக்கிற வேலை மிச்சம்.

நானே என்றால் ஒண்டியாக என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கூச்சமில்லாமல் திக்கிக் காட்ட ஒரு நண்பராவது வேண்டும். பேச்சுப் பயிற்சியாளர் கிடைத்தால் போய்ப் பாருங்கள். முழுக்கக் குணமாகும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். போன வாரம்கூட போனில் என் பெயரிலேயே நின்றேன். எதிர்முனையில் காத்திருந்தார்கள், சொல்லி முடித்தேன்.

அடுத்த தடவை கானாடுகாத்தான் டிக்கெட்டே கேளுங்கள். கண்டக்டர் என்ன செய்தார் என்று எழுதுங்கள்.