துரோகி என்ற சொல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இருபது ஆண்டுகள் என்னோடு ஒரே கட்சியில் இருந்த நண்பர் சென்ற தேர்தலின்போது எதிரணிக்குப் போனார். எல்லோர் முன்னிலையிலும் அவரைத் துரோகி என்றேன். எதிர்த்தரப்பை மனிதராகவே காணாத மனநிலை இப்படித்தான் தொடங்குகிறது என்று நீங்கள் எழுதியது மிகையாகப் படுகிறது. ருவாண்டா இனப்படுகொலையின்போது மனிதர்களைக் கரப்பான்பூச்சி என்றார்கள். நாம் அப்படிச் சொல்வதில்லையே?

க., கோயம்புத்தூர்

அன்புள்ள க.,

ருவாண்டா வரை போக வேண்டியதில்லை. நீங்கள் சொன்ன அதே சொல் ஈழத்தில் என்ன செய்தது என்று பார்க்கலாம்.

யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா, அன்று ஆட்சியிலிருந்த இலங்கை சுதந்திரக் கட்சியின் பக்கம் நின்றதற்காகத் தமிழ்க் கட்சிகளின் மேடைகளில் திரும்பத் திரும்பத் துரோகி எனப்பட்டார். அவருடைய அரசியலை எதிர்க்க வலுவான காரணங்கள் இருந்தன. 1974 தமிழாராய்ச்சி மாநாட்டில் நிகழ்ந்த மரணங்களுக்குப் பின் அவர்மீது எழுந்த கோபத்தையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் 1975 ஜூலை 27 அன்று பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோவிலுக்குக் கும்பிட வந்தவரை இளைஞர்கள் சுட்டுக் கொன்றபோது, மேடையில் சொல்லாக இருந்தது தீர்ப்பாகிவிட்டது. அந்த மேடைகளின் பெருந்தலைவர்களில் ஒருவரான அமிர்தலிங்கத்தை, 1989 ஜூலை 13 அன்று, பேச வந்தவர்கள் என்று நம்பி உபசரிக்கப்பட்ட விடுதலைப் புலிகளே கொழும்பில் அவர் இருந்த வீட்டில் சுட்டுக் கொன்றார்கள். இப்போது துரோகி அவர். அன்று உடன் கொல்லப்பட்ட அவருடைய கட்சித் தோழர் யோகேஸ்வரனின் மனைவி சரோஜினி 1998இல் யாழ்ப்பாண மேயரானார். அவ்வாண்டு மே மாதமே அவரும் கொல்லப்பட்டார்.

இத்தகைய கொலைகளை ஆயுத இயக்கத்தினர் 'களையெடுப்பு' என்றார்கள். உழவர் மொழியில் பிறந்த, கேட்பதற்கு உறுத்தாத சொல். களைக்கு வீடு இல்லை, பிள்ளைகள் இல்லை, அதைப் பிடுங்கியவனிடம் யாரும் கணக்குக் கேட்பதும் இல்லை. விளக்குக் கம்பங்களில் கட்டிச் சுடப்பட்டவர்களின் உடலில் குற்றத்தை எழுதிய அட்டை தொங்கியது. தெருவில் போனவர்கள் அதை வாசித்துவிட்டு நடந்தார்கள். கொன்றவர்கள் சிலரே. வாசித்ததோடு விளக்கம் கிடைத்துவிட்டதாக எண்ணியவர்கள் மிகப் பலர், அவர்களில் நல்லவர்களும் இருந்தார்கள் என்பதுதான் என்னை வருத்துகிறது.

உங்கள் நண்பருக்கு அப்படி ஏதும் நேரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். இருபது ஆண்டுகள் உடனிருந்த அவர் ஏன் போனார் என்பது அதில் எங்குமே இல்லை. அவரிடம் கேட்டீர்களா?