யூப் ஹைங்கஸ்: கேட்டீர்கள், சொல்கிறேன்

கேள்வி: அண்ணே, ஹைங்கஸ் என்றால் ஜெர்மன் கால்பந்து அணி பேயர்ன் மியூனிக்கின் கோச்சாக இருந்தவர் என்று மட்டும்தான் தெரியும். ஆடினபோது எப்படி?

பதில்: தம்பி, ஜெர்மனியின் முதல்நிலை லீக்கான பண்டஸ்லிகாவில் 369 ஆட்டம், 220 கோல். கோல் கணக்கில் இன்றும் அவருக்கு மேலே மூன்றே பேர்தான்: கெர்ட் முல்லர், லெவண்டோவ்ஸ்கி, கிளவுஸ் ஃபிஷர். மோன்ஷன்கிளாட்பாக் என்ற ஜெர்மன் ஊரில் ஒரு கொல்லருக்குப் பத்துப் பிள்ளைகளில் ஒருவராகப் பிறந்து, சுவர்ப் பூச்சு வேலை கற்றவர். சொந்த ஊர் அணியான கிளாட்பாக்கோடு நான்கு லீக் பட்டம் வென்றார். ஐரோப்பிய கிளப்களுக்கான யூஃபா கோப்பையின் 1975 இறுதி இரண்டு ஆட்டமாக நடந்தது; இரண்டாம் ஆட்டத்தில், நெதர்லாந்தின் ட்வென்டே அணியை அதன் ஊரிலேயே 5-1 என்று வீழ்த்தியபோது மூன்று கோல் இவருடையது.

கேள்வி: ஒரே ஆட்டத்தில் 12 கோல் அடித்தும் பட்டம் போச்சாமே, நிஜமா?

பதில்: நிஜம்தான். 1978 ஏப்ரல் 29, லீக்கின் கடைசி நாள். கிளாட்பாக்கும் கொலோனும் சம புள்ளி. புள்ளி சமமானால் கோல் வித்தியாசம், அதாவது அடித்த கோலில் வாங்கிய கோலைக் கழித்த கணக்கு, பட்டத்தை முடிவு செய்யும். அதில் கொலோன் 10 கோல் முன்னே. கிளாட்பாக் டார்ட்மண்டை 12-0 என்று நொறுக்கியது. அதில் ஹைங்கஸ் மட்டும் ஐந்து. இடைவேளையிலேயே 6-0! ஆனால் அங்கே கொலோன் 5-0 என்று ஜெயித்துவிட, மூன்றே கோல் வித்தியாசத்தில் பட்டம் கைநழுவியது. பண்டஸ்லிகாவில் அவர் ஆடிய கடைசி ஆட்டம் அது. இதை எப்போது நினைத்தாலும் எனக்கு மனசு கனக்கும்.

கேள்வி: ரியல் மாட்ரிட் அவரை ஏன் அனுப்பியது?

பதில்: 1998-ல் யுவென்டஸை 1-0 என்று வென்று, 32 வருஷம் கழித்து ஐரோப்பியக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். லீக்கில் நான்காம் இடம் என்பதால் விடைகொடுத்துவிட்டார்கள். அநியாயம் என்றுதான் சொல்வேன்.

கேள்வி: சார், 2012-ல் எல்லாம் போன பேயர்ன் அணி 2013-ல் எல்லாம் வென்றது எப்படி? கோச் செய்தது என்ன?

பதில்: இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். 2012-ல் லீக், ஜெர்மன் கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றிலும் இரண்டாம் இடம். அதிலும் சாம்பியன்ஸ் லீக் (அந்த ஐரோப்பியக் கோப்பைதான்) இறுதி சொந்த மைதானத்தில், இங்கிலாந்தின் செல்சிக்கு எதிராக. 83-வது நிமிடம் பேயர்னின் தாமஸ் முல்லர் அடித்தார், 88-ல் செல்சியின் ட்ரோக்பா சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் பேயர்னின் ராபன் அடித்த பெனால்டியைச் செல்சி கோல்கீப்பர் பீட்டர் செக் பிடித்தார். கடைசியில் பெனால்டி ஷூட்அவுட்டில் செல்சி ஜெயித்தது.

வேறு கோச்சாக இருந்தால் ராபனை ஓரங்கட்டியிருப்பார். ஹைங்கஸ் அவரை வைத்துக்கொண்டார். ஓரங்களில் தாக்கி ஆடும் ராபனையும் ரிபெரியையும் பந்து போனதும் பின்னால் ஓடிவந்து தடுக்க வைத்தார். நட்சத்திரங்களை இந்த வேலைக்கு இணங்க வைப்பது லேசல்ல. தானே கோல் அடித்துப் பேர் வாங்கியவர் சொன்னால்தான் அது எடுபடும் என்பது என் எண்ணம். நடுக்களத்துக்கு ஹாவி மார்ட்டினஸ் வேண்டும் என்று நின்றதும் அவரே. கிளப் 4 கோடி யூரோ கொடுத்தது.

பலன்? 34 லீக் ஆட்டத்தில் வாங்கிய கோல் 18 மட்டும், மொத்தம் 91 புள்ளி. அடுத்த சீசனுக்குக் கோச்சாக கார்டியோலா வருகிறார் என்று ஜனவரியிலேயே கிளப் அறிவித்துவிட்ட நிலையில் இதைச் சாதித்தார் என்பதை மறக்காதீர்கள். மே 25, லண்டன் வெம்ப்ளியில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியில் டார்ட்மண்டுக்கு எதிராக 89-வது நிமிட வெற்றி கோலை அடித்தவர் அதே ராபன். அடுத்த வாரம் ஜெர்மன் கோப்பையும் வந்தது.

கேள்வி: ஒரே ஒரு ஆட்டம் பார்க்கணும்னா எது அண்ணா?

பதில்: 2013 ஏப்ரல் 23, பார்சிலோனாவுக்கு எதிரான 4-0. ஸ்கோரை விடுங்கள். பந்து பார்சிலோனா காலுக்குப் போகும் நொடியில் ரிபெரி எந்தப் பக்கம் ஓடுகிறார் என்று மட்டும் கவனியுங்கள்.