ஓடுகிறவர் முதுகில் விழுந்த லத்திக்குச் சட்டம் உண்டா?

கேள்வி: கடலூர் மாவட்டம், குறிஞ்சிப்பாடி பக்கம் எங்கள் ஊர். ஒரு தொழிற்சாலைக் கழிவால் கிணற்றுத் தண்ணீர் மஞ்சளாகிவிட்டது என்று சென்ற மாதம் ஊர்க்காரர்கள் சுமார் 200 பேர் சாலையோரம் உட்கார்ந்தோம். காலையில் நாலு போலீசார்தான் இருந்தார்கள். மதியம் இரண்டு வேனில் இன்னொரு கூட்டம் வந்தது. ஹெல்மெட், மார்புக் கவசம், முழங்கால் காப்பு, கண்ணீர்ப்புகைத் துப்பாக்கி என்று பார்க்க ராணுவம் மாதிரியே இருந்தார்கள். பயந்து எல்லோரும் சிதறினோம். தெருவுக்குள் ஓடிய அண்ணனைத் துரத்தி வந்து அடித்ததில் இடது கை முறிந்தது. ஒரு கண்ணீர்ப்புகைக் குண்டு பக்கத்து வீட்டு வாசலில் விழுந்தது. அடித்தவர் யாரென்று தெரியவில்லை, நெஞ்சில் பெயரே இல்லை. இப்போது 42 பேர் பெயரும் 'மற்றும் பலர்' என்றும் போட்டு எஃப்.ஐ.ஆர். பதிவாகியிருக்கிறது. அண்ணன் பெயர் அதில் இருக்கிறது. நான் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குப் படிக்கிறேன். போலீஸ் இப்படி வரலாமா? நாங்கள் வழக்கு போட முடியுமா? என் வேலைக்குப் பாதிப்பு வருமா?

பதில்: தம்பி, முதலில் அவசரமானதை முடித்துவிடுவோம். எஃப்.ஐ.ஆர். நகலைக் கையில் வாங்கிப் பாருங்கள். சட்டவிரோதக் கூட்டம் (பி.என்.எஸ்., அதாவது இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 189), வழிமறித்தல் இவற்றோடு நின்றிருந்தால் ஜாமீனுக்குச் சிரமமில்லை. பிரிவு 132, அதாவது பணியில் இருந்த அரசு ஊழியரைத் தாக்கினார்கள் என்று சேர்த்திருந்தால் அது ஜாமீனில் விட முடியாத குற்றம். அப்படியானால் அண்ணனுக்கு உடனே முன்ஜாமீன் போடுங்கள். குற்ற விசாரணை முறைக்கான புதிய சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இல் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) முன்ஜாமீன் பிரிவு 482. பழைய சட்டத்தில் வழக்கையே ரத்து செய்யக் கேட்கும் பிரிவுக்கு அதே 482 என்ற எண் இருந்ததால், கோர்ட்டில் வக்கீல்களான எங்களுக்கே இன்னும் நாக்கு குழறுகிறது.

அப்புறம் உங்கள் முதல் கேள்வி. கவசம் போட்டு வருவது மட்டுமே குற்றமாகாது. போலீஸ் எந்த உடுப்பில், எந்த வண்டியில் வரலாம் என்று கூட்டம் கலைக்கும் சட்டம் பேசுவதில்லை. 2018 மே மாதம் தூத்துக்குடியில் 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதையும், 2023 ஜூலையில் நெய்வேலியில் சுரங்க விரிவாக்க எதிர்ப்பின்போது கண்ணீர்ப்புகையும் தண்ணீர்ப் பீரங்கியும் பயன்படுத்தப்பட்டதையும் பார்த்தவர்கள் நாம். 2024 பிப்ரவரியில் அரியானா எல்லையான ஷம்புவில் விவசாயிகள் மீது ட்ரோனிலிருந்தே கண்ணீர்ப்புகைக் குண்டு போட்டார்கள். கருவி மாறிக்கொண்டே போகிறது. ஆனால் கோர்ட்டில் நிற்கும்போது கருவியைப் பற்றிய ஆவேசம் உதவாது. ஒவ்வொரு அடியும் எந்த நேரத்தில், எங்கே, எதற்காக விழுந்தது என்பதுதான் வழக்கு. அதில் உங்கள் பக்கம் நல்ல பலம் இருக்கிறது.

பி.என்.எஸ்.எஸ். 148 சொல்வது இதுதான்: நிர்வாக மாஜிஸ்திரேட்டோ, காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியோ, அவர் இல்லாதபோது சப்-இன்ஸ்பெக்டருக்குக் குறையாத அதிகாரியோ கலைந்து போகச் சொல்லி உத்தரவிட வேண்டும். அதற்குப் பிறகும் கலையாவிட்டால், அல்லது கலைய மாட்டோம் என்பதை நடத்தையாலேயே காட்டினால்தான் பலப்பிரயோகம். ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்ததா, யார் செய்தார், எத்தனை நிமிடம் கொடுத்தார் என்பதை ஊரில் நாலைந்து பேரிடம் தனித்தனியாகக் கேட்டு எழுதி வையுங்கள். சேர்ந்து உட்கார்ந்து எழுதினால் எல்லார் வாக்குமூலமும் ஒரே அச்சாக இருக்கும், குறுக்கு விசாரணையில் அது தாங்காது.

இதிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. 'முடிந்த அளவு குறைந்த பலம், உடலுக்கும் உடைமைக்கும் முடிந்த அளவு குறைந்த சேதம்' என்று சட்டப் புத்தகத்தில் எழுத்தாகவே இருக்கிறது. ஆனால் அது 148-இல் இல்லை, 149-இல்தான். அதாவது மாவட்ட மாஜிஸ்திரேட், அல்லது அவர் அதிகாரம் அளித்து அங்கே நேரில் இருக்கும் நிர்வாக மாஜிஸ்திரேட், வேறு வழியில்லாமல் ராணுவத்தை அழைக்கும்போது அந்த ராணுவ அதிகாரிக்குச் சொல்லும் வாசகம் அது. ராணுவத்துக்கே இந்தக் கட்டுப்பாடு என்றால் ராணுவம் போல வரும் போலீசுக்கு எவ்வளவு இருக்க வேண்டும்? நீதிமன்றங்கள் போலீசையும் இந்த அளவுகோலால்தான் அளக்கின்றன. ஜம்முவில் 2007-இல் நடந்த ஒரு போராட்டம் பற்றிய அனிதா தாக்கூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016-இல் தீர்ப்பு சொன்னது. அங்கே போராட்டக்காரர்களும் வன்முறையில் இறங்கியிருந்தார்கள். அதனால் போலீஸ் பலம் பயன்படுத்தியது தவறில்லை, ஆனால் நிலைமை கட்டுக்குள் வந்த பிறகும் அடித்தது அத்துமீறல் என்று சொல்லி நஷ்ட ஈடு கொடுக்கச் சொன்னது. உங்கள் கூட்டத்தில் யாராவது கல்லெறிந்திருந்தாலும், தெருவுக்குள் ஓடிய அண்ணனை அடித்ததற்கு அது பதிலாகாது.

நெஞ்சில் பெயர் இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு இதுதான் உறுத்துகிறது. கைது செய்யும் அதிகாரி தன் பெயர் தெளிவாகத் தெரியும்படி அணிந்திருக்க வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 36 கட்டாயமாக்குகிறது. இது கைதுக்கான விதி, தடியடிக்கு நேரடியாகப் பொருந்தாது. ஆனால் கவசத்தை மாட்டியதும் சட்டையில் குத்திய பெயர் உள்ளே போய்விடுகிறது, ஹெல்மெட்டுக்குள் முகமும் போய்விடுகிறது. ராணுவ உடுப்பில் உண்மையான ஆபத்து துப்பாக்கியைவிட இதுதான் என்பது என் எண்ணம். பெயர் தெரியாவிட்டால் புகாரில் 'அடையாளம் தெரிந்தால் சொல்லக்கூடிய காவலர்' என்று எழுதுங்கள். உயரம், தொப்பையா ஒல்லியா, கையில் கட்டிய கயிறு, வேன் நம்பர், எது ஞாபகம் இருந்தாலும் அதைச் சேருங்கள். அன்று பணிக்கு அனுப்பப்பட்டவர்களின் பட்டியல் போலீசிடம் இருக்கும். எஸ்.பி. அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்ட மனு போட்டு, கலையச் சொல்லி உத்தரவிட்ட அதிகாரி யார், மாஜிஸ்திரேட் அங்கே இருந்தாரா, எத்தனை கண்ணீர்ப்புகைக் குண்டு செலவானது என்று கேளுங்கள். விசாரணை நடக்கிறது என்று மறுப்பார்கள், மேல்முறையீடு செய்யுங்கள். குண்டுக்குக் கணக்கு வைத்தாக வேண்டும். (இந்தக் குண்டுகளைத் தயாரிக்கும் எல்லைப் பாதுகாப்புப் படைப் பிரிவு மத்தியப் பிரதேசத்தில் டேகன்பூரில் இருக்கிறது. மாநிலப் போலீசுக்கும் அங்கிருந்து போகிறது.) பக்கத்து வீட்டு வாசலில் விழுந்த குப்பி இன்னும் இருந்தால் அதில் உள்ள எழுத்தையும் எண்ணையும் படம் எடுங்கள், வெடிக்காததாக இருந்தால் கை வைக்காதீர்கள்.

காயத்துக்கான ஆதாரம் அரசு மருத்துவமனையில் அன்றே பதிவாகியிருந்தால் நல்லது. ஏ.ஆர். காப்பியும் (மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல்) எக்ஸ்ரேயும் வாங்கி வையுங்கள். எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டபோது அண்ணன் 'கீழே விழுந்தேன்' என்று சொல்லியிருந்தால் அதை இப்போதே வக்கீலிடம் சொல்லிவிடுங்கள், பயத்தில் பலர் அப்படிச் சொல்வதுண்டு. எலும்பு முறிவு சட்டத்தில் கொடுங்காயம். பி.என்.எஸ். 117-இன்படி ஏழு ஆண்டு வரை தண்டனை. வீடியோ எடுத்த போன்களை விற்கவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். வாட்ஸ்அப்பில் சுற்றிவந்த பிரதியைவிட எடுத்த போனில் உள்ள மூலம்தான் கோர்ட்டில் நிற்கும், அதோடு புதிய சாட்சியச் சட்டம் 63-இன் சான்றிதழும் வேண்டும். தெருமுனைக் கடையில் சிசிடிவி இருந்தால் இன்றைக்கே போய்க் கேளுங்கள், பழைய பதிவு தானாக அழிந்துவிடும்.

இனி வழக்கு போடும் வழி. முதலில் அந்த ஸ்டேஷனிலேயே புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றதற்கான ஒப்புகை) கேளுங்கள். கொடுக்க மாட்டார்கள் என்றால் பி.என்.எஸ்.எஸ். 173(4)-இன்படி எஸ்.பி.க்குப் பதிவுத் தபால். அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட். அரசு ஊழியர்மீது புகார் என்பதால் 175(4)-இன்படி மேலதிகாரியின் அறிக்கையையும் அவர்கள் தரப்பையும் பார்த்துத்தான் விசாரணைக்கு உத்தரவிட முடியும். கூட்டம் கலைத்த செயலுக்கு வழக்கு நடத்த அரசின் முன் அனுமதி வேண்டும் என்று 151 சொல்கிறது. அவர்கள் இதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். கலைந்து ஓடியவரை அடிப்பது கூட்டம் கலைப்பதில் சேருமா என்பது நம் வாதம். இது வெல்லும் என்று உறுதி சொல்ல மாட்டேன், காலமும் பிடிக்கும்.

அதனால் இன்னொரு வழியையும் சேர்த்துப் பாருங்கள். மாநில மனித உரிமை ஆணையத்துக்குச் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் புகார் அனுப்ப வேண்டும். ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மூவர் அமர்வு 2021-இல் சொல்லியிருக்கிறது. நஷ்ட ஈடு மட்டும் நோக்கமென்றால் என் அனுபவத்தில் இதுவே சீக்கிரம் கைக்கு வரும் வழி.

உங்கள் ஊர்க்காரர்கள் மீதான எஃப்.ஐ.ஆரை ரத்து செய்ய உயர் நீதிமன்றத்தில் பி.என்.எஸ்.எஸ். 528 மனு போடலாம். 'தடையுத்தரவை மீறினார்கள்' என்ற பிரிவு மட்டும் இருந்தால் அது நிற்காது. அந்த உத்தரவு பிறப்பித்த அதிகாரியோ அவருடைய மேலதிகாரியோ எழுத்தில் கோர்ட்டில் புகார் செய்தால்தான் விசாரணைக்கு எடுக்க முடியும். 2018-இல் ஜீவானந்தம் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இப்படிப்பட்ட பல வழக்குகளை ரத்து செய்தது.

கடைசியாக உங்கள் வேலை. காவலர் பணி விதி 14(b) கடுமையானது, குற்ற வழக்கு நிலுவையில் இருப்பவரைத் தேர்வு செய்ய மாட்டார்கள். சந்தேகத்தின் பலனில் விடுதலையானால்கூட சிக்கல் உண்டு. அண்ணன் மீதான வழக்கு உங்களைத் தகுதி நீக்காது. ஆனால் அந்த 'மற்றும் பலர்' என்பதில் குற்றப்பத்திரிகை போடும்போது யார் பெயர் வேண்டுமானாலும் சேரலாம். அன்று நீங்களும் அங்கே உட்கார்ந்திருந்தீர்கள். எனவே விண்ணப்பம் நிரப்பும் முன்பும், சான்று சரிபார்ப்புக்கு முன்பும் வழக்கின் நிலையை உங்கள் வக்கீல் மூலம் பார்த்துவிடுங்கள். பெயர் இல்லாதவரை 'வழக்கு இல்லை' என்று எழுதுவது உண்மைதான். பெயர் சேர்ந்துவிட்டால் மறைக்காதீர்கள், உடனே 528 மனுவில் நீங்களும் மனுதாரராகச் சேருங்கள். ரத்தாகிவிட்டால் அது சந்தேகத்தின் பலனில் கிடைத்த விடுதலை அல்ல.